இடது புருவத்துக்கு மேலே

திரேஸ்புரம், தூத்துக்குடி
22.1.2024, திங்கள்

அக்கா,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. விஜிலாதான் எழுதுகிறேன்.

உன்னோடு பேசமாட்டேன் என்று என் மகள் டிவைனா தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தவள் நான். எழுதுவதைப் பற்றி அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. இது ஏமாற்று வேலை என்று எனக்கே தெரிகிறது. ஆனால் கேட்பதற்கு எனக்கு வேறு ஆள் இல்லை. இதைக் கொண்டுவருகிறவள் அற்புதமணி, எங்கள் தெருக்காரி. செவ்வாயும் வெள்ளியும் சாத்தான்குளத்துக்குக் கருவாடு விற்க வருகிறாள். பதில் எழுதினால் அவளிடமே கொடு. போனில் வேண்டாம். உன் நம்பரை என் வீட்டுக்காரர் என் போனில் இருந்து அன்றைக்கே அழித்துவிட்டார்.

கிளைட்டனுக்கு உடம்பு சரியில்லை. டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. சாக்கடையும் சேறுமாக இருந்ததை அள்ளிப் போட்டதில் இருந்தே அவருக்கு மூக்கடைப்புதான். பொங்கலுக்கு முன்னால் அது சளியாகப் பிடித்துக்கொண்டது. போன சனிக்கிழமை கடல் தெளிந்தது என்று சங்கு குளிக்கப் போனார். போகவேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை. மேலே வரும்போது முகத்தில் மாட்டுகிற கண்ணாடிக்குள் ரத்தம். அன்றிலிருந்து இடது புருவத்துக்கு மேலே குத்துகிறது என்கிறார். கன்னத்தைத் தொட விடுவதில்லை. மேல்வரிசைப் பல் எல்லாம் வலிக்கிறதாம். மூக்கில் இருந்து பச்சையும் மஞ்சளுமாகக் கெட்டியாக வருகிறது, நாறுகிறது.

எதிர்வீட்டில் நல்லெண்ணெயைக் காய்ச்சி மூக்கில் விடச் சொன்னார்கள். இன்னொருத்தர் பூண்டை இடித்து மூக்குக்குள் வைக்கச் சொன்னார். எனக்குப் பயமாக இருக்கிறது. ஆஸ்பத்திரி என்ற வார்த்தையைச் சொன்னாலே எழுந்து வெளியே போய்விடுகிறார். "எந்தம்பி பவுல உசுரோட கூட்டிட்டுப் போனா ஒங்க அக்கா. ஊசி போட்டாங்க. நாலு மணி நேரத்துல பொணமாக் குடுத்தாங்க. என்னையும் அங்கன கொண்டுபோவணுமா?" என்கிறார். தம்பியை நினைத்தால் அவரிடம் மேற்கொண்டு ஒரு வார்த்தை பேச முடியாது.

வீட்டிலேயே செய்கிற மாதிரி ஏதாவது சொல். நீ இருபது வருஷமாக நர்ஸ். உனக்குத் தெரியும்.

விஜிலா


சாத்தான்குளம்
23.1.2024

விஜி,

கிழிக்கவில்லை. கருவாட்டு வாசனையோடு மூன்று முறை படித்தேன்.

மூன்று வருஷத்தில் உன்னிடமிருந்து வந்த முதல் கடிதம். நான் எப்படி இருக்கிறேன் என்று அதில் ஒரு வரி இல்லை. பரவாயில்லை, அதைக் கேட்கக்கூடிய இடத்தில் நான் இல்லை. அற்புதமணி ஓ.பி. வாசலில் கூடையோடு உட்கார்ந்திருக்கிறாள். நாலரை பஸ்ஸுக்குள் எழுதி முடிக்க வேண்டும்.

முதலில் இது என்னவென்று தெரிந்துகொள். பெரியவர்கள் தலையில் நீர் கோத்திருக்கிறது என்பார்கள், சித்த வைத்தியத்தில் பீனிசம், எங்கள் டாக்டர் சைனஸ் என்பார். நம் நெற்றியிலும் கன்னத்திலும் மூக்கின் இரண்டு பக்கமும் எலும்புக்குள்ளே காற்று மட்டும் இருக்கிற சின்ன அறைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மூக்குக்குள் ஒரு வாசல், அரிசி நுழைகிற அளவுதான். சளி பிடித்தால் அந்த வாசல் வீங்கி அடைத்துக்கொள்கிறது. உள்ளே ஊறுகிற நீர் வெளியே வர வழியில்லாமல் தேங்கிக் கெடுகிறது. பெரும்பாலும் பத்து நாளில் தானாகவே வடிந்துவிடும். ஆனால் உன் வீட்டுக்காரர் வாசல் அடைத்த அறையோடு கடலுக்கு அடியில் போயிருக்கிறார். தண்ணீரின் அழுத்தம் அந்த அறையைப் பிடித்து நசுக்கியிருக்கிறது. ரத்தம் அதனால்தான்.

பத்து நாள் தாண்டிவிட்டது. சீழ் நாற்றமும் வந்துவிட்டது. என்னைக் கேட்டால் இது டாக்டரிடம் வரவேண்டிய நாள். வீட்டு வைத்தியம் எழுத எனக்குக் கை வரவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, இப்போது வேண்டாம்.

ஆனால் நான் எழுதாவிட்டால் எண்ணெயையும் பூண்டையும் மூக்கில் ஏற்றிவிடுவார்கள். அந்த இரண்டையும் தொடாதே. எண்ணெய் நெஞ்சுக்குள் இறங்கினால் அது வேறு நோய். பூண்டு உள்தோலைச் சுட்டுவிடும்.

தண்ணீரைக் கொதிக்கவிட்டு, கை பொறுக்கிற அளவு ஆறவை. ஒரு பெரிய தம்ளருக்குக் கால் டீஸ்பூன் உப்பு. குழாய்த் தண்ணீரை அப்படியே எடுக்காதே, வெள்ளம் வந்த ஊர், கொதிக்காத தண்ணீர் மூக்குக்குள் போகவே கூடாது. அவரைக் குனிந்து தலையை ஒரு பக்கம் சாய்க்கச் சொல். வாயால் மூச்சு விடவேண்டும். மேல்பக்க மூக்கில் மெதுவாக ஊற்றினால் மற்றதன் வழியாக வரும். காலையும் மாலையும் செய். நொச்சி இலை கிடைத்தால் ஆவி பிடிக்கட்டும், அடுப்பிலிருந்து இறக்கிவைத்த பிறகு, ஐந்து நிமிஷம் போதும், டிவைனா பக்கத்தில் வரக்கூடாது. வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து கன்னத்தில் ஒத்தடம் கொடு. சுக்கும் மிளகும் தட்டிப்போட்ட தண்ணீர் அடிக்கடி குடிக்கட்டும். இரண்டு தலையணை வைத்துப் படுக்கட்டும். இதெல்லாம் அடைப்பை இளக்கும், வலியைக் குறைக்கும். உள்ளே பிடித்திருக்கிற சீழைக் குணப்படுத்தும் என்று நான் சொல்லவில்லை. இதை மறந்துவிடாதே.

கடலுக்கு விடாதே. கண்ணைப் பார்த்துக்கொண்டே இரு. இமை வீங்கினாலோ, சிவந்தாலோ, ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ, காய்ச்சலோடு கழுத்தை வளைக்க முடியாவிட்டாலோ, அதற்குப் பிறகு எந்தக் கஷாயமும் கிடையாது. அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி.

பஸ் வந்துவிட்டதாம்.

பிளாரன்ஸ்


திரேஸ்புரம்
25.1.2024, வியாழன்

அக்கா,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்காமல் விட்டது தப்புதான். உன் கடிதத்தைக் குளியலறையில் வைத்துப் படித்தேன். அந்த வரியில் நின்றுவிட்டேன்.

நீ சொன்னதெல்லாம் செய்தேன். நாட்டு மருந்துக் கடை ஜெபகனி அண்ணாச்சி சொல்லிக்கொடுத்தார் என்று பொய் சொன்னேன். முதல் தடவை உப்புத் தண்ணீர் ஊற்றும்போது "மூச்சுக்குள்ள தண்ணி போவுது, எனக்கே சங்கு குளிக்கச் சொல்லித்தாரியா" என்று கையைத் தட்டிவிட்டார். மூன்றாவது தடவையில் கட்டியாக ஒன்று வந்து விழுந்தது, கருத்த ரத்தம் ஓரமாக ஒட்டிக்கொண்டு. அவர் உடனே கண்ணை அகலத் திறந்து, "ஏளா, தலைக்குள்ள காத்து போவுது" என்றார். நேற்று சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். டிவைனாவை முதுகில் ஏற்றினார். பத்து நாளுக்குப் பிறகு இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

இப்போது பிரச்சினை அதுதான். சனிக்கிழமை கடலுக்குப் போகிறேன் என்கிறார். வள்ளத்துக்காரர் வேதமணி அண்ணாச்சி, முழுசாகச் சரியாகிவிட்டு வா என்றுதான் சொல்லி அனுப்பினார். இவர்தான் கேட்கவில்லை. பவுல் போனதில் இருந்து தனக்குத் தண்ணீர் பயம் வந்துவிட்டது என்று மற்றவர்கள் பேசுகிறார்களாம். யார் பேசினார்கள் என்று கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறார். எனக்கென்னவோ அப்படி யாரும் பேசவில்லை என்று தோன்றுகிறது.

வலி இல்லையா என்று கேட்டேன். குனிந்தால் மட்டும் புருவத்தில் லேசாகத் தட்டுகிறது என்றார். அவ்வளவுதானே, போகலாமா அக்கா? போகலாம் என்று நீ சொன்னால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

விஜிலா


சாத்தான்குளம்
26.1.2024

விஜி,

போகக்கூடாது.

குனிந்தால் தட்டுகிறது என்றால் நெற்றி அறைக்குள் இன்னும் இருக்கிறது. மூக்குப் பக்கத்து அடைப்பு இளகி ஓர் அறை வடிந்திருக்கிறது, மேலே இருப்பது வடியவில்லை. சுகமாகத் தெரிகிறதே, அதுதான் எனக்குப் பயம். நன்றாகிவிட்டு மறுபடியும் மோசமாகிறதுதான் இந்த நோயில் ஏமாற்றுகிற இடம். எட்டுப் பாகம், கிட்டத்தட்ட ஐம்பது அடி ஆழத்துக்குப் போனால் அந்தச் சீழை அழுத்தம் எந்தப் பக்கம் தள்ளும் என்று யாருக்கும் தெரியாது. நெற்றி அறைக்குக் கீழே கண். பின்னால் மூளை. நடுவில் இருக்கிற எலும்பு முட்டை ஓடு மாதிரி மெல்லியது.

நான் எழுதிய வைத்தியம் அவருக்குத் தைரியம் கொடுத்துவிட்டது. எழுதியிருக்கக்கூடாதோ என்று அனுப்பியதில் இருந்தே மருந்து அறையில் நின்று யோசிக்கிறேன். இன்றைக்கு ஒரு கிழவருக்கு மாத்திரையை மாற்றிக் கொடுக்கப் பார்த்தேன். நல்லவேளை, அவரே "சிஸ்டர், இது எனக்கு இல்லையே" என்றார்.

சண்டை போடு. கதவைப் பூட்டு. என்ன வேண்டுமானாலும் செய், விடாதே.

பிளாரன்ஸ்


திரேஸ்புரம்
28.1.2024, ஞாயிறு மதியம்

அக்கா,

அவர் கடலுக்குள் மாட்டுகிற கண்ணாடியை அரிசி டப்பாவுக்குள் மறைத்து வைத்தேன். இன்னொருத்தர் கண்ணாடியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒரே ஒரு தடவைதான் இறங்கினாராம். பாதியிலேயே மூச்சுக்குக் காற்று வருகிற ஓஸை இழுத்துச் சைகை காட்டி மேலே வந்துவிட்டாராம். நேற்று சாயங்காலம் பேசாமல் வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இன்று சர்ச்சில் காலைப் பூசையின்போது அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். ஏன் என்று கேட்டேன். "ரெண்டு சாமியார் நிக்காங்க" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். கையைப் பிடித்தேன், கொதித்தது.

வீட்டுக்கு வருவதற்குள் இடது இமை வீங்கிவிட்டது. இப்போது அந்தக் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. சிவப்பு இல்லை அக்கா, கத்தரிக்காய் நிறம். விரலால் இமையைத் தூக்கிப் பார்த்தேன், விழி முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறது. இரண்டு தடவை வாந்தி எடுத்தார். டிவைனா பார்த்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டாள், கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறாள்.

108-க்கு அடிக்கவா என்றேன். "வண்டி வந்துச்சுன்னா பின்வாசல் வழியாக் கடலுக்குள்ள போயிருவேன். ஏளா, நான் சொன்னாச் செய்வேன்" என்றார். செய்வார். அவருக்கு என்மேல் கோபம் இல்லை, அவருக்குப் பயம். இவ்வளவு பயந்து நான் அவரைப் பார்த்ததே இல்லை.

உன் ஆஸ்பத்திரி நம்பருக்கு அற்புதமணி அடித்துப் பார்த்தாள், ஞாயிற்றுக்கிழமை யாரும் எடுக்கவில்லை. வியாபாரம் இல்லாத நாளில் எனக்காகவே பஸ் ஏறுகிறாள், உன் வீட்டுக்கே வருவாள்.

நான் என்ன சொன்னால் இவர் எழுந்து வருவார்? அதை மட்டும் எழுது.

விஜி


பஸ்ஸில்
28.1.2024

விஜி,

அற்புதமணி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். கையெழுத்து ஆடும், பொறுத்துக்கொள். தூத்துக்குடியில் இறங்கியதும் ஆட்டோ பிடித்து உன் தெரு முனையில் நிற்பேன். வீட்டுக்கு வரமாட்டேன், என் முகத்தைப் பார்த்தால் அவர் இன்னும் பிடிவாதமாகிவிடுவார். இதை அற்புதமணி கொண்டுவந்து தருவாள். இதை நீ மனதுக்குள் படிக்காதே, அவருக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக வாசி. பாதியில் உனக்கு நிறுத்தத் தோன்றும். நிறுத்தாதே.

கிளைட்டன், பவுலைக் கொன்றது ஊசி இல்லை.

சாவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஆறரை மணிக்கு அவன் எனக்குப் போன் செய்தான். கடலில் இருந்து வந்ததில் இருந்து தோள் வலிக்கிறது என்றான். கால் மரத்த மாதிரி இருக்கிறது, ஊசி குத்துகிறது என்றான். நான் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு அப்போதுதான் செருப்பைக் கழற்றியிருந்தேன். சங்கு குளிக்கிறவர்கள் ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்தால் ரத்தத்தில் காற்றுக் குமிழ் அடைக்கும் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. தெரிந்தவர்களைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "வெந்நீர் ஒத்தடம் கொடுத்துட்டுப் படுடா, காலைல பாப்போம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

காலையில் நான் வந்தபோது அவனால் நிற்க முடியவில்லை. அதன் பிறகு நான் ஓடிய ஓட்டத்தைத்தான் நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். ஆஸ்பத்திரியில் அவர்களால் ஆனதைச் செய்தார்கள். ஆனால் ஒரு ராத்திரி முழுவதும் போயிருந்தது. அந்த ராத்திரியைப் போக்கியது நான். உங்கள் தம்பி ஆஸ்பத்திரிக்குப் போனதால் சாகவில்லை. போகாமல் இருந்ததால் செத்தான்.

நீங்கள் என்னைக் கொலைகாரி என்று சொன்னபோது நான் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் சொன்ன காரணம் தப்பு, சொன்னது தப்பில்லை என்று நினைத்தேன். இதை எழுதிய பிறகு விஜியும் எனக்கு இல்லை என்று தெரியும். ஆனால் இன்னொரு ராத்திரியை நான் போக்கமாட்டேன்.

நாளைக் காலை வரை அந்தக் கண் இருக்காது. கண்ணோடு நிற்கும் என்றும் சொல்லமுடியாது. எழுந்திருங்கள். ஆட்டோ நிற்கிறது. நான் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன், நீங்கள் என்னைப் பார்க்கவேண்டியதில்லை.

பிளாரன்ஸ்


ஆஸ்பத்திரி, தூத்துக்குடி
4.2.2024, ஞாயிறு

அக்கா,

ஒரு வாரமாக உனக்கு எழுதவில்லை. நேரம் இல்லாமல் இல்லை.

அன்றைக்கு வார்டு வாசலில் நீ நின்றாய். அவரை உள்ளே கொண்டுபோன பிறகு இரண்டு மணி நேரம் அந்தத் தூணோடு சாய்ந்துகொண்டு நின்றாய். தண்ணீர் பாட்டில் வாங்கி வந்து பெஞ்சில் வைத்தாய். நான் உன்னைப் பார்க்காத மாதிரி கடந்து போனேன். அது சத்தியத்துக்காக இல்லை. மூன்று வருஷம் இவர் உன்னைத் திட்டும்போதெல்லாம், என் அக்கா ஒரு தப்பும் செய்யவில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே சமைத்திருக்கிறேன், துவைத்திருக்கிறேன். அதைத் தவிர எனக்கு உன்னிடமிருந்து எதுவும் மிச்சமில்லை. அதையும் நீ ஒரு பஸ் பயணத்தில் எடுத்துக்கொண்டாய். ஒரு தடவை என்னிடம் மட்டுமாவது சொல்லியிருக்கலாம். இன்னும் எனக்கு ஆறவில்லை. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

உடம்பைச் சொல்கிறேன். ஸ்கேனில் சீழ் கண்குழிக்குள் இறங்கியிருந்தது. அன்றைக்கே மூக்கு வழியாகக் குழாய் விட்டு ஆபரேஷன் செய்து வடித்தார்கள். மூளைப் பக்கம் போகவில்லை என்று சொன்னார்கள். ஐந்து நாள் நரம்பு வழியாக மருந்து. வியாழக்கிழமை இமை கொஞ்சம் திறந்தது. முதலில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. நேற்று டாக்டர் விரலைக் காட்டினார், மூன்று என்று சரியாகச் சொன்னார். பழைய பார்வை முழுசாக வருமா என்று ஒரு மாதம் கழித்துத்தான் சொல்லமுடியுமாம். உப்புத் தண்ணீரில் கழுவுவதை விடவேண்டாம், ஆனால் நாங்கள் கொடுக்கிற மருந்தோடு செய்யுங்கள் என்றார் டாக்டர்.

உன் கடிதத்தை நான் வாசித்து முடித்ததும் இவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். நேற்றுத்தான் அதைப் பற்றி வாயைத் திறந்தார். டிவைனா தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அன்னைக்குப் பவுலு தண்ணிக்கு அடியில, வள்ளத்துல ஓஸ் பிடிச்சவன் நான். காத்தடிக்கிற மெஷினு நின்னுபோச்சு. பயந்துட்டேன். மெதுவாத்தான் தூக்கணும்னு தெரியும், ஆனா கை கேக்கல. வாளிய இழுத்த மாதிரி இழுத்துட்டேன். கரைக்கு வந்து தோளு வலிக்கின்னான். படுலே, சரியாப்போவும்னு மொதல்ல சொன்னதும் நான்தான். மறுநாள் யாரு மேலயாவது போடணும்ல, ஒங்க அக்கா எதுக்க நின்னா."

அழுதால் கண்ணுக்கு ஆகாது என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார், அதனால் அடக்கிக்கொண்டே இருந்தார்.

உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னார். "அவன் போன்ல என்னையப் பத்தி ஏதும் சொன்னானா? சொல்லிருந்தா மறைக்க வேண்டாம்னு எழுது." இதைச் சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். பதில் வருகிறவரை இவர் தூங்கமாட்டார்.

விஜிலா


சாத்தான்குளம்
6.2.2024, செவ்வாய்

விஜி,

உன் கோபம் ஆறுகிறபோது ஆறட்டும். நான் இங்கேதான் இருக்கிறேன்.

கிளைட்டன் கேட்டதற்கு எழுதுகிறேன். பவுல் போனில் பேசியது மூன்று நிமிஷம் இருக்கும். மூன்று வருஷமாகத் தினமும் மனதுக்குள் கேட்கிறேன், ஒரு வார்த்தையும் மாறவில்லை. வலியைப் பற்றிச் சொன்ன பிறகு, அண்ணனிடம் சொன்னாயா என்று கேட்டேன். அவன் சொன்னது இது:

"தோளு வலிக்கின்னு மட்டும் சொன்னேன்க்கா. காலு மரத்துருக்குன்னு சொல்லல. மெஷினு நின்னதும் அவன் பயந்துபோயி இழுத்தான், இன்னும் அவன் கை நடுங்குது. சோத்தப் பிசையக்கூட முடியல. இதையும் சொன்னா இன்னைக்குத் தூங்கமாட்டான். நீங்களும் சொல்லிறாதீங்க."

நான் சொல்லவில்லை. அவன் பேச்சைக் கேட்டு நான் அதை மறைத்திருக்கக்கூடாது.

இதை நீ அவருக்குச் சத்தமாக வாசிக்கவேண்டாம், காகிதத்தை அவர் கையிலேயே கொடு. நல்ல கண்ணால் மெதுவாகப் படிக்கட்டும். படித்த பிறகு தனியாக இருக்கவேண்டும் என்பார், இருக்கவிடு. நீ டிவைனாவைக் கூட்டிக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொள். கதவை மட்டும் சாத்திவிடாதே.

பிளாரன்ஸ்